அன்னபூரணியின் பதினோராவது பேர்

தூத்துக்குடி
8-9-95

மாப்ளே ஆறுமுகசாமிக்கு, மாரிசாமி எழுதுவது.

நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன். உன் உடம்பு, அக்காள் உடம்பு, அத்தான் உடம்பு எல்லாம் சௌகரியம்தானே? மைசூர் குளிருக்கு உன் மூக்கு ஒழுக ஆரம்பித்திருக்கும்.

உன் அடையாளக் கார்டு வேலை செய்துவிட்டது. துறைமுக ஆபீஸில் இருந்த ஆள் கார்டில் ஒட்டின படத்தையும் பார்க்கவில்லை, என் மூஞ்சியையும் பார்க்கவில்லை. எல்லாத் தாடியும் அவருக்கு ஒரே தாடிதான். "ஆறுமுகசாமி, குலசேகரன்பட்டினம்" என்று வாசித்தார். நான் "ஆமா" என்றேன். அன்னபூரணித் தோணியில் பதினோராவது பேர் நான். தோணிக்குப் பொறுப்பான தண்டல் அண்ணாச்சி மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தார். மற்றவர்கள் எல்லாம் இந்த சீசனுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், நம் ஊர்க்காரர்களும் இல்லை, அவர்களுக்கு நான் ஆறுமுகசாமிதான்.

வீட்டில் சொர்ணலதா என் கார்டை அடுப்பில் போட்டாளே, அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் இல்லை மாப்ளே. அவள் அண்ணனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் மீன்கூட வாங்குவதில்லை. அவளுக்குப் பயம் போகாது. எனக்குக் கடல் இல்லாமல் ஆகாது. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை. உன்னோடு மைசூர் போகிறேன், ஹெப்பாளில் பேக்டரி வேலை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பாவம், வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். அதைத் தோணியில் உட்கார்ந்து தின்றேன்.

இதோடு மூன்று இன்லண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். எழுதி ஒட்டியாகிவிட்டது. மாசம் பிறந்ததும் ஒன்றைத் தபால் பெட்டியில் போடு, மைசூர் முத்திரை விழ வேண்டும். பதில் உன் அக்காள் வீட்டு விலாசத்துக்கு வரும். பிரித்துப் படி. முக்கியமாக ஏதாவது இருந்தால் தண்டல் பேருக்குத் தோணி ஆபீஸ் விலாசத்தில் எழுது. தை பிறந்ததும் மைசூரிலிருந்து லீவில் வருகிறவன் மாதிரி வீட்டில் போய் இறங்குவேன். இந்த ஒரு சீசன்தான்.

உன் மாப்ளே,
மாரிசாமி


விஜயநகர், மைசூர்
14-9-95

அன்பு மாரிசாமிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மூக்கு ஒழுகத்தான் செய்கிறது.

நீ செய்வது எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் கார்டைக் கொடுத்தவன் நான், இனி என்ன பேச. காலையில் ஆறே கால் மணிக்குக் கம்பெனி பஸ். ஹெப்பாள் போய் மெஷின் முன்னால் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். தரை ஆடுவதே இல்லை. முதல் வாரம் எனக்கு அதனாலேயே தலை சுற்றியது, சூப்பர்வைசர் நான் குடித்திருக்கிறேனோ என்று மோந்து பார்த்தார். அக்காள் மகள் சைத்ராவுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வருகிறது. நான் பேசுவதைக் கேட்டு அவள் சிரிப்பதே எங்கள் வீட்டில் பொழுதுபோக்கு.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல நினைத்தேன். எழுதுகிற விஷயம் இல்லை. நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்வோம். பெரிய காற்று என்றால் தண்டலிடம் சொல்லிச் சீக்கிரமே பாயைக் குறைக்கச் சொல். அவர் கேட்கமாட்டார், நீ விடாதே.

ஜாக்கிரதை.
ஆறுமுகசாமி


மைசூர்
1-10-95

அன்புள்ள சொர்ணலதாவுக்கும் பாப்பாவுக்கும்,

உங்கள் இருவர் நலனையும் செந்தூர் முருகன் பார்த்துக்கொள்வான். நான் இங்கே நலம். வந்து சேர்ந்துவிட்டேன். மைசூர் ரொம்பப் பெரிய ஊர். ரோட்டில் யானைகள் போகின்றன. நல்ல குளிர், போர்வை இல்லாமல் படுக்க முடியாது. பேக்டரியில் வேலை கஷ்டம் இல்லை. ஆறுமுகசாமி என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். அவன் அக்காள் சமையல் உன் சமையலுக்குப் பக்கத்தில் வராது.

நீ கவலைப்படாதே. என் காலுக்குக் கீழே கெட்டியான தரை இருக்கிறது. பாப்பாவை வெயிலில் விடாதே.

அன்புடன்,
மாரிசாமி


குலசேகரன்பட்டினம்
22-10-95

அன்புள்ள அத்தானுக்கு, சொர்ணலதா வணக்கமாய் எழுதுவது.

உங்கள் லெட்டர் கிடைத்தது. நானும் பாப்பாவும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அழுதாள், கூரைமேல் எறிந்துவிட்டேன். யானையை நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கச் சொல்கிறாள். மறக்காமல் பதில் எழுதுங்கள், இல்லாவிட்டால் என்னைத் தின்றுவிடுவாள்.

பாப்பாவுக்குத் தையில் காது குத்தலாமா, சித்திரையில் வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று தெரிந்தால்தான் நான் மாமா வீட்டில் சொல்ல முடியும். இந்த இரண்டு கேள்விக்கும் கண்டிப்பாகப் பதில் வேண்டும்.

ராத்திரியில் காற்று அடித்தால் இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் கலைவதில்லை. பத்து வருஷத்தில் இதுதான் முதல் ஐப்பசி. நீங்கள் எனக்காகத்தான் போனீர்கள் என்று தெரியும். வாயால் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

ஆறுமுகசாமி அண்ணாச்சிக்கு என் நமஸ்காரம். அவுக இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

உங்கள்
சொர்ணலதா


விஜயநகர், மைசூர்
14-11-95

மாரிசாமிக்கு,
தண்டல் பேருக்கு, மாலே ஏஜெண்டு மூலம்.

இதைக் கையில் வாங்கினதும் முதலில் "வந்து சேர்ந்தேன்" என்று ஒரு கார்டு போடு. மற்றதெல்லாம் பிறகு படி.

மூன்றாம் தேதி இரண்டாவது நடை மாலத்தீவுக்குக் கிளம்புகிறோம் என்று நீ போட்ட கார்டு வந்தது. வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றியிருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். எட்டு நாள் ஓட்டம். பதினொன்றாம் தேதி நீ மாலேயில் இருக்க வேண்டும். ஒன்பதாம் தேதி காலையில் ரேடியோவில் கன்னடத்தில் ஏதோ சொன்னான், எனக்குப் பாதிதான் புரிந்தது. சைத்ராவைக் கேட்டேன். அவளுக்குப் புயல் என்ற தமிழ் வார்த்தை தெரியவில்லை. கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள். எங்கே என்று கேட்டேன். "கன்யாகுமாரிக்குக் கீழே, சமுத்ரதல்லி" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு அப்போதே சொல்லாத விஷயத்தை இப்போது எழுதுகிறேன். ஆடி மாசம் தோணியைக் கரையேற்றித் தார் அடித்தோமே, அப்போது அடியில் இறங்கினவன் நான்தான். நடுப் பாய்மரத்தின் அடி வந்து உட்காரும் கட்டையில் கத்தியைக் குத்திப் பார்த்தேன். ஒரு விரல் நீளம் பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மேலே தாரைப் பூசிவிட்டு ஏறி வந்துவிட்டேன். சொன்னால் தோணி அந்த சீசன் முழுக்கக் கரையில்தான் கிடக்கும், பத்து வீட்டுக்காரர்களும் என்னைத்தான் திட்டுவார்கள். அதோடு பயந்தாங்கொள்ளி என்று பேர் வரும். பேசாமல் இருந்துவிட்டு, அத்தான் பார்த்துக்கொடுத்த வேலை என்று சாக்குச் சொல்லி மைசூருக்கு ஓடி வந்தேன். நீ கார்டு கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் ஓடிவந்தது உனக்குத் தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும் நடைக்குச் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் பலகையைத் தூக்கி அந்தக் கட்டையைப் பார். கெட்டுப்போயிருந்தால் ஏறாதே. கப்பலில் டிக்கெட் எடுத்துக் கொழும்பு வழியாக வந்துவிடு.

உன்னுடைய இரண்டாவது லெட்டரை முதல் தேதியே போட்டுவிட்டேன். ஒரு கார்டு போடு மாப்ளே. உன் காலில் விழுகிறேன்.

ஆறுமுகசாமி


குலசேகரன்பட்டினம்
26-11-95

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், ஆனால் மனசு சரியில்லை. உங்கள் இரண்டாவது லெட்டர் வந்தது. பாப்பாவின் யானையைப் பற்றியும் ஒன்றுமில்லை, காது குத்துவதைப் பற்றியும் ஒன்றுமில்லை. என் லெட்டர் வரவே இல்லையா? வரவில்லை என்றாவது ஒரு வார்த்தை எழுதக்கூடாதா? "நல்ல குளிர், போர்வை இல்லாமல் படுக்க முடியாது" என்று போன தடவை எழுதினதையே மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். அன்னபூரணித் தோணி புயலில் காணாமல் போய்விட்டது. ஒன்பதாம் தேதியிலிருந்து தகவலே இல்லை. மினிக்காய்த் தீவுப் பக்கம் போன ஒரு கப்பல்காரர்கள் உடைந்த மரமும், பேர் எழுதின பலகையும் மிதப்பதைப் பார்த்தார்களாம். பேப்பரில் பதினொரு பேரின் பெயரும் போட்டிருக்கிறது. கடைசிப் பேர் ஆறுமுகசாமி, குலசேகரன்பட்டினம்.

அண்ணாச்சி உங்களோடு இல்லையா? உங்களிடம் சொல்லாமல் தோணிக்குத் திரும்பிப் போய்விட்டாகளா? அதை என்னிடம் மறைக்கத்தான் பட்டும் படாமலும் எழுதினீர்களா? நீங்கள் மட்டும் அங்கே தனியாக இருக்கிறீர்களா? அவுக அக்காளுக்கு யார் சொல்வது?

ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரைப் பார்த்ததும் முதலில் அழவில்லை. நல்லவேளை, நீங்கள் போகவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் அண்ணாச்சிக்காக அழுதேன். உங்கள் கார்டை அடுப்பில் போட்ட கைக்கு மஞ்சள் பூசிக்கொண்டேன்.

உடனே பதில்.
சொர்ணலதா


விஜயநகர், மைசூர்
2-12-95

தங்கச்சி சொர்ணலதாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நான் உயிரோடு மைசூரில் இருக்கிறேன். பட்டியலில் என் பேர் வந்தது ஆபீஸில் நடந்த தப்பு. ஊரில் யாரிடமும் அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், துறைமுகத்தில் தொந்தரவு வரும்.

அக்காள், அத்தான், சைத்ரா எல்லாரும் சுகம். இங்கே மழை விட்டுவிட்டது. பாப்பாவிடம் யானையைத் தொடலாம், அது ஒன்றும் செய்யாது என்று சொல்.

இப்படிக்கு,
ஆறுமுகசாமி


குலசேகரன்பட்டினம்
8-12-95

அண்ணாச்சிக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பதைப் படித்ததும் செந்தூருக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். அந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் உங்கள் லெட்டரை இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் பத்துத் தடவை படித்தேன்.

அக்காள் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான் சுகம், அக்காள் மகள் சுகம். மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். யானையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. யானையைப் பற்றி நான் அவுகளுக்கு எழுதினது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவுக படித்திருந்தால் அவுகளே பதில் எழுதியிருப்பாக.

அண்ணாச்சி, நான் ஒன்றும் கேட்கவில்லை. அவுக கையால் ஒரே ஒரு வரி. பாப்பாவுக்கு எந்தப் பக்கத்துப் பல் விழுந்தது என்று நான் எழுதவில்லை. இடது பக்கத்துப் பல். அவுக கையால் "இடது பக்கம்" என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது போதும்.

சொர்ணலதா


விஜயநகர், மைசூர்
19-12-95

தங்கச்சி,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அந்த ஒரு வரியை அனுப்ப முடியாது. மாரிசாமி மைசூருக்கு வரவே இல்லை. என் கார்டைக் காட்டி, என் பேரில், அன்னபூரணியில் போனது அவன்தான். உனக்கு வந்த இரண்டு லெட்டரும் அவன் புறப்படும் முன்பே தூத்துக்குடியில் எழுதி என்னிடம் அனுப்பினவை. முத்திரை மட்டும்தான் மைசூர். நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வராததற்கு அதுதான் காரணம். மூன்றாவது லெட்டர் என்னிடம் இருக்கிறது. உன் லெட்டர் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு தபால் பெட்டி வரை போனேன். போட்டால் உனக்கு இன்னும் ஒரு மாசம் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்த மாசம் எனக்காகத்தான், உனக்காக இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

மாலேக்கு, தண்டல் பேரில் அவனுக்கு நான் எழுதின லெட்டர் நேற்றுத் திரும்பி வந்தது. மேலே ஏஜெண்டு பச்சை மையில் "தோணி வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த லெட்டரை இதோடு வைத்திருக்கிறேன். பாய்மரத்தின் அடிக் கட்டையைப் பற்றி அதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்பதை நீ என் எழுத்திலேயே படிக்க வேண்டும்.

அன்னபூரணி நல்ல தோணி. பொய் சொல்லவில்லை. மூன்று மரத்திலும் பாய் விரித்து வாடைக்காற்றில் போனால் மோட்டார் வைத்தவன் பின்னால்தான் வருவான். நாலு புயலை அதில் நான் பார்த்திருக்கிறேன். பாய் கிழிந்தால் தைக்கலாம். சுக்கான் உடைந்தால் பலகையைக் கட்டித் திருப்பலாம். தண்ணீர் ஏறினால் பதினொரு பேரும் மாறி மாறி இறைக்கலாம். நடு மரத்தின் அடி நகர்ந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, மரம் சாயும்போது பக்கத்துப் பலகையையும் பிளந்துகொண்டுதான் சாயும். புயல் பெரிதாக இருந்ததா, கட்டை விட்டுக்கொடுத்ததா, அதைச் சொல்ல யாரும் திரும்பி வரவில்லை. கட்டை நன்றாக இருந்தாலும் தோணி போயிருக்கலாம். இந்த "போயிருக்கலாம்" என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மாசமாக நான் சோறு தின்கிறேன்.

மெஷின் முன்னால் நின்றுகொண்டு தினமும் அந்தத் தோணியை நான் ஓட்டுகிறேன் தங்கச்சி. ஒரு நாள் பாயை எல்லாம் இறக்கிவிட்டுக் காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடுகிறேன். ஒரு நாள் வெங்காய மூட்டையைக் கடலில் தள்ளி எடையைக் குறைக்கிறேன். ஒரு நாள் நடு மரத்தையே வெட்டிச் சாய்க்கிறேன். சாயங்காலச் சங்கு ஊதும்வரை ஓட்டியும் ஒரு நாள்கூடக் கரை சேர்க்க முடியவில்லை. எப்படி ஓட்டினாலும் சுக்கானில் நிற்பவன் அவன்தான். நான் இல்லை.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எதுவும் சொல்லாமல் இருந்துவிடாதே.

ஆறுமுகசாமி


குலசேகரன்பட்டினம்
24-1-96

அண்ணாச்சிக்கு,

உங்கள் லெட்டர் வந்து ஒரு மாசம் ஆகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் சாகட்டும் என்று சில நாள் நினைத்தேன். பட்டியலில் செத்துத்தான் இருக்கிறீர்கள் என்பது ஞாபகம் வந்ததும் அதுவும் உதவவில்லை. அவுக என்னிடம் பொய் சொன்னாக. நீங்கள் அவுகளிடம் மறைத்தீர்கள். நான் கார்டை எரித்தேன். எரிக்காமல் இருந்தால் அவுக பேராவது பேப்பரில் வந்திருக்கும். அதை நினைத்தால் உங்களைத் திட்டவும் வாய் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அவுக மைசூரில்தான் இருப்பாக என்று ஒரு பைத்தியம் எனக்கு. காலையில் எழுந்து பொட்டு வைத்தேன். பொங்கலுக்குக் கோலம் போட்டேன். அப்பா லீவில் வருவாக என்று பாப்பா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

தை அமாவாசை அன்று தோணி முதலாளி பதினொரு குடும்பத்தையும் தூத்துக்குடிக்கு வரச் சொல்லியிருந்தார். பழைய துறைமுகப் படிக்கட்டில் வைத்துப் பேர் வாசிப்பார்கள், அவரவர் வீட்டு ஆள் இறங்கிக் கடலில் பூ விட வேண்டும். ஆறுமுகசாமி அண்ணாச்சிக்கு ஊரில் யாரும் இல்லை, நான் போய் ஒரு பூ போட்டுவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டு மாரியம்மா அக்காவிடம் சொன்னேன். அவுகளும் துணைக்கு வந்தாக. பூ போட்டுவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் என் வீட்டுக்காரருக்குச் செய்த மாதிரி ஆகும் என்பது என் கணக்கு.

பத்துப் பேர் வாசித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூட்டம் அழுதுகொண்டே இறங்கியது. தண்டலின் மகள் படியிலேயே விழுந்துவிட்டாள். பதினோராவது பேரை வாசித்தார்கள். யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை வாசித்தார்கள். அந்தக் கூட்டத்தில் தனக்கென்று ஒருத்தரும் இல்லாமல் என் வீட்டுக்காரர் நின்றது மாதிரி எனக்கு இருந்தது. நான் இறங்கிப் போனேன். ஆபீஸ்காரர் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார். "நீ அவருக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

தங்கச்சி என்று சொல்லத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை. "அவுக பொஞ்சாதி" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பேர் கேட்டார், சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். மாரியம்மா அக்கா எனக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி நின்றிருந்தாக.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த அக்கா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாக. மறுநாள் காலையில் குழாயடியில் தெரிந்துவிட்டது. புருஷன் மைசூரில் உழைக்கிறான், இவள் அவன் சிநேகிதனுக்குத் தாலி கட்டாத பொஞ்சாதியாக இருந்திருக்கிறாள், அதுதான் புருஷன் பொங்கலுக்கும் வரவில்லை. இப்படிப் பேசுகிறார்கள். மாமா வீட்டில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து யார் ஜாடை என்று பார்த்தார்களாம்.

உண்மையைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. மாரிசாமி பேர் எங்கே இருக்கிறது, காட்டு என்கிறார்கள். உங்கள் லெட்டரைக் காட்டினேன், செத்தவன் எப்படி எழுதுவான், நீயே எழுதிக்கொண்டது என்கிறார்கள். மற்றபடி என்னிடம் இருப்பது மைசூர் முத்திரை போட்ட அவுக இரண்டு லெட்டர். அவுக மைசூரில் இருக்கிறாக என்பதற்கு அதுதான் சாட்சி. தாலியைக் கழற்றினால் யாருக்காகக் கழற்றினாய் என்று கேட்பார்கள். கழற்றாவிட்டால் அவுகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவளாகிறேன்.

நீங்கள் வர வேண்டும் அண்ணாச்சி. துறைமுக ஆபீஸில் போய் உயிரோடு நிற்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தால்தான் அவுக செத்தவர் ஆவாக. கார்டு கொடுத்ததற்கு உங்களைப் பிடித்து உள்ளே வைக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். மன்னிப்பதற்காகக் கூப்பிடவில்லை, அதைப் பற்றி இப்போது என்னால் யோசிக்க முடியாது.

சொர்ணலதா


விஜயநகர், மைசூர்
30-1-96

தங்கச்சி சொர்ணலதாவுக்கு,

நாளைக் காலை கொள்ளேகால் போய் அங்கிருந்து சத்தியமங்கலம் பஸ் பிடிக்கிறேன். இந்த லெட்டர் உனக்குக் கிடைக்க நாள் விட்டு, திங்கட்கிழமை பத்து மணிக்குத் துறைமுக ஆபீஸ் வாசலில் இருப்பேன்.

உன் லெட்டரை அத்தானிடம் கொடுத்தேன். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர், பேப்பரில் செத்தவன் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வேலை போகும், கேஸ் வரும், அன்னபூரணியின் கட்டையைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே என்றார். அக்காள் அழுதாள். ஒரு வாரம் யோசித்துப் போகலாமே என்றாள். எனக்கும் பயம்தான். புயலில்கூட இப்படிப் பயந்ததில்லை. ஆனால் என் பேரில் உன்னை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று படித்த பிறகு இந்த ஊரில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

கட்டையைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். தண்டலின் மகளும் மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் அங்கே இருந்தால் அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன். அடித்தால் அடிக்கட்டும்.

மாரியம்மாவையும் உன் மாமா வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா. அவன் எனக்கு எழுதின முதல் லெட்டரைக் கொண்டு வருகிறேன், என் கார்டை வாங்கிக்கொண்டு ஏறினது அதில் அவன் கையாலேயே இருக்கிறது. அனுப்பாத மூன்றாவது லெட்டரும் உன்னுடையது. நான் பிரிக்கவில்லை.

ஆபீஸில் முதல் வார்த்தையை நான் சொல்கிறேன். ஆறுமுகசாமி நான்தான், அன்னபூரணியில் நான் போகவில்லை என்று சொல்வேன். மெஷின் சத்தத்தில் நேற்று முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்தேன், நன்றாக வருகிறது. அப்படியானால் போனது யார் என்று கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, நீதான் சொல்ல வேண்டும். பதினோராவது இடத்தில் என் பேரை அடித்துவிட்டு அவர்கள் எழுதும்வரை நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அதற்குப் பிறகு நீ அவன் பேரைச் சொல்லி அழலாம்.

ஆறுமுகசாமி